காட்சிக்கு எட்டு, ருசிக்கு ஏழு

“ஐப்பசி 9, ஞாயிறு. நாமக்கல், திருச்சி சாலை, ஐந்தாவது மாடி. பகல் 12.50. காட்சி: கொல்லிமலை மேல ஒத்தையா ஒரு மேகம். கீழ ரோட்டோரமா பஞ்சு லோடு லாரி, மஞ்சத் தார்ப்பாய், பின்னாடி ஒரு கயிறு மட்டும் அவுந்து தரையத் தொடுது. பத்துக்கு எட்டு. ருசி: முட்டைக் கலக்கி பதம் சரி. பள்ளிபாளையம் சிக்கனில் தேங்காய் தாராளம், காரம் பிந்தி வருகிறது. பத்துக்கு ஏழு. பயணம்: குறையில்லை.”

இது தினசரி நாள்காட்டியிலிருந்து கிழித்த ஒரு தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. முன்பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை என்பதால், எண் சிவப்பு. கையெழுத்து என்னுடையது. ஆனால் ‘காட்சி’ என்ற சொல்லுக்கும் ‘ருசி’ என்ற சொல்லுக்கும் நடுவில் வரும் வரிகள் என்னுடையவை அல்ல. எதிரே உட்கார்ந்திருந்தவர் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லையும் திருத்தாமல் எழுதியவை. இப்படி நாற்பத்தொரு தாள்கள் ஒரு கம்பியில் கோத்தபடி என் அலமாரியில் தொங்குகின்றன. இது இருபத்துமூன்றாவது. எல்லாவற்றிலும் அழகான காட்சி இதில்தான் இருக்கிறது. கம்பியிலிருந்து கழற்றத் தயங்குவதும் இந்தத் தாளைத்தான்.

சொன்னவர் என் அண்ணனின் மனைவி. எங்கள் பக்கத்தில் அண்ணியை நங்கை என்போம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அண்ணன் நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். ஓர் ஆடி மாதத்தில் அவர் நெஞ்சுவலியில் போனபிறகு பட்டறை கைமாறியது. வெள்ளைக் காரை மட்டும் நங்கை விற்கவிடவில்லை. பெங்களூரில் வேலையிலிருந்த மகன் அம்மாவை அழைத்துப்போக வந்தபோது, “காரு எனக்கு வேணும் சாமி, நான் ஓட்டிப் பழகறேன்” என்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. பட்டறையில் இருந்த பழைய டிரைவர் ஒருவரிடம் நாற்பது நாள் பழகி உரிமமும் வாங்கிவிட்டார். முதல் தடவை என்னை ஏற்றிக்கொண்டு மோகனூர் சாலையில் போய்த் திரும்பிய அன்று, “உன்ர அண்ணன் இத்தன வருசமும் என்னை இடது பக்கமே உக்கார வெச்சுட்டாரு அம்மிணி. இந்தப் பக்கம் உக்காந்தா ஊரே வேற மாதிரி தெரியுது” என்றார்.

மகன் பெங்களூருக்குத் திரும்பும்போது ஒரு நிபந்தனை வைத்தான். உடம்புக்கு ஏதாவது என்றால், காரை விற்றுவிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு பெங்களூருக்கு வந்துவிட வேண்டும். நங்கை தலையாட்டினார். மகனின் ஒன்பதாவது மாடி வீட்டில் பதினோரு நாள் இருந்து பார்த்தவர் அவர். “சன்னலத் தொறந்தா எதுத்தாப்புல இன்னொரு சன்னல். அவங்க என்னையப் பாக்கறாங்க, நான் அவங்களப் பாக்கறேன். நடுவுல ஒரு காக்கா கூட இல்ல” என்று அதைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். அவருக்குச் சர்க்கரை இருந்தது மகனுக்குத் தெரியும். மாத்திரை போடுகிறார், கட்டுக்குள் இருக்கிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

அந்த மார்கழியில்தான் எங்கள் ஞாயிறுகள் தொடங்கின. நான் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் எழுத்தர். விடுமுறை நாளில் புத்தகத்தைத் தவிர வேறு துணை இல்லாதவள். மாதம் ஒரு ஞாயிறு, சேலத்திலோ நாமக்கல்லிலோ சுற்றுவட்டாரத்து ஊர்களிலோ, ஜன்னல் வழியே பார்க்கவும் ஏதாவது இருந்து, தட்டில் வருவதும் வாயில் வைக்கும்படி இருக்கிற ஒரு உணவகத்தைக் கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தோம். இரண்டும் ஒரே இடத்தில் அமைவது எவ்வளவு அரிது என்பது தேடியவர்களுக்குத்தான் தெரியும். மலை தெரிகிற இடத்தில் சமையல்காரருக்கு அக்கறை போய்விடுகிறது. சமைக்கத் தெரிந்தவர் கடை வைக்கிற இடத்தில் ஜன்னல் பேருந்து நிலையத்துக் கழிப்பறையைப் பார்த்துத் திறக்கிறது. திருச்செங்கோட்டில் ஒரு மாடியிலிருந்து மலையும் படிகளும் அவ்வளவு துலக்கமாகத் தெரியும்; ஆனால் கொண்டுவந்து வைத்த காலிஃபிளவர் மஞ்சூரியனை நங்கை முள்கரண்டியால் தட்டிப் பார்த்து, “உள்ள யாராச்சும் இருக்கறீங்களா?” என்று கேட்டார். ஆத்தூரில் ஒரு மெஸ்ஸில் மீன்குழம்புக்கு நான் ஒன்பது போட்டேன். அங்கே இருந்த ஒரே ஜன்னல் அரிசி ஆலையின் உமிக் குவியலைப் பார்த்திருந்தது. “உமி மேட்டு மேல ஒரு மயில் நிக்குது அம்மிணி. உமிக்கு ஒன்னுமில்ல. மயிலுக்கு நாலு, எழுதிக்கோ.”

மதிப்பெண்ணில் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. முதல் ஞாயிறு சேலத்தில் ஒரு மொட்டை மாடியில் சேர்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். இறங்கி வரும்போது நங்கை சாப்பாடு பிரமாதம் என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் இருவருக்குமே எதைச் சாப்பிட்டோம் என்று சரியாக நினைவுக்கு வரவில்லை. “மலையத் தின்னுட்டு வந்துருக்கறோம்” என்றார். பதிவறையில் பழகிய புத்தி எனக்கு. ஒரு சாட்சி பார்த்ததை இன்னொரு சாட்சி கேட்டுவிட்டால் இரண்டுமே கெட்டுப்போகும் என்று நினைப்பவள். ஆகவே விதி வகுத்தேன். ஒருவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து காட்சிக்கு மட்டும் மதிப்பெண் போடுவார். மற்றவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ருசிக்கு மட்டும் போடுவார். திரும்பிப் பார்க்கக் கூடாது. நங்கைக்குச் சர்க்கரை என்பதால் எல்லாவற்றையும் ருசி பார்க்க முடியாது. எனவே காட்சி அவருக்கு, ருசி எனக்கு. அன்றைய நாள்காட்டித் தாளைக் காலையிலேயே கிழித்துக் கைப்பையில் வைத்துக்கொள்வார். தேதியைப் பற்றி யாரும் பின்னால் சண்டை போட முடியாது என்பதில் எனக்குப் பெருமை. இந்த ஏற்பாட்டில் இருந்த பெரிய ஓட்டை எனக்கு மூன்று ஆண்டுகள் தெரியவில்லை. ஒரு சாட்சியைச் சரிபார்க்க இன்னொரு சாட்சி இல்லாமல் நானேதான் செய்துவைத்திருந்தேன்.

இப்போது தாள்களை வரிசையாகப் படித்தால் எல்லாம் அதில் இருக்கிறது, என் கையெழுத்திலேயே. இருபத்தைந்தாவது தாளில், பயணம் என்பதன் எதிரே: “ராசிபுரம் பிரிவில் முட்டை லாரியின் ஓரத்தில் நம் கண்ணாடி உரசியது. நங்கை சிரித்தார்.” இருபத்தேழாவது: “நாய் குறுக்கே. கடைசி நொடியில் பிரேக்.” முப்பதாவது தாளிலிருந்து ராகு காலம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் தொடங்குகிறது, அதற்குள் ஊடு போய்ச் சேரோணும் என்று நங்கை அவசரப்படுத்த ஆரம்பித்தார். அண்ணனின் பட்டறையில் ராகு காலத்திலேயே பூஜை போட்டு வண்டி வெளியே அனுப்பியவர் அவர். ஏன் திடீரென்று என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. “நங்கைக்கு வயதாகிறது, நம்பிக்கை வருகிறது” என்று ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறேன். மாலை வெயில் சாய்ந்து கண்ணாடியில் அடிக்கும் நேரத்தை அவர் ராகு காலம் என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு எட்டவில்லை. உணவகத்துக்குள் நுழைந்ததும் கை கழுவப் போகிறவர் திரும்பிவர நேரமாவதையும் குறித்திருக்கிறேன், நிமிடக் கணக்கோடு. எதற்காக நேரமாகிறது என்ற கேள்வி மட்டும் எங்கேயும் இல்லை.

முப்பத்தெட்டாவது தாள், தை மாதத்து மூன்றாம் ஞாயிறு. சேலத்துக்குத் தெற்கே பனமரத்துப்பட்டி ஏரியைப் பார்த்தபடி ஒரு மாடி உணவகம் புதிதாகத் திறந்திருந்தார்கள். போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. நல்ல கூட்டம். ஒரு பிறந்தநாள் கூட்டம் மேஜைகளையெல்லாம் ஒன்றாக இழுத்துப் போட்டிருந்ததால், எங்களுக்குக் கிடைத்தது சுவரோரமாகப் போட்டிருந்த ஒரு சோபாவும் குட்டை மேஜையும்தான். இருவரும் அருகருகே, ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டியதாயிற்று. நங்கை கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இடம் மாறியதில் அவருக்கு ஏதோ சங்கடம் இருந்தது தெரிந்தது. “நீ வேணா கண்ண மூடிக்கோ, விதியெல்லாம் இருக்குதல்ல” என்று சிரித்தார். நானும் விளையாட்டாகத் தலையைக் குனிந்துகொண்டு தாளை எடுத்தேன்.

“எழுதிக்கோ. ஏரி நெறஞ்சு கெடக்குது. வெயிலு பட்டு அப்படியே தகதகங்குது. தூரத்துல கரை. காத்துக்குச் சின்னச் சின்னதா அலை. எட்டு… இல்ல, எட்டரை போடு.”

எழுதி முடித்துவிட்டு, விதியை மீறி நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாண்டில் முதல் முறை. ஏரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்த ஆண்டு மழை ஏமாற்றியிருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சீமைக் கருவேலம், இடையிடையே வெடித்த மண், அதில் ஆடுகள். உச்சி வெயிலில் எல்லாம் வெளிறிப்போய் ஒரு மங்கலான வெளிச்சப் பரப்பாக இருந்தது. நங்கையின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஆடுகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், அலைகளைப் பார்ப்பதாக.

முதலில் வந்தது அவரைப் பற்றிய பயம் இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு ஐம்பது கிலோமீட்டர் இருக்கிறது; எனக்குக் கார் ஓட்டத் தெரியாது; சாவி அவர் மடியில் இருக்கிறது. இந்த மூன்றும்தான் முதலில் வந்தன. பிறகு உணவு வந்தது. நான் என்ன சாப்பிட்டேன் என்று தாளில் இல்லை. ருசிக்கு நேராக வெற்றிடம். நாற்பத்தொரு தாள்களில் அது ஒன்றுதான் அப்படி. பயணநூல்கள் எத்தனையோ படித்திருக்கிறேன். கப்பலில் போனவர்கள், ஒட்டகத்தில் போனவர்கள், சரக்கு வண்டியில் ஒளிந்து போனவர்கள். பக்கத்தில் இருந்து ஓட்டியவரின் கண்களைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை.

“நங்கை, இன்னைக்கு பஸ்ஸுல போலாமுங்க” என்றேன்.

“காரு?”

“இங்கயே நிக்கட்டும். நாளைக்கு யாரையாச்சும் உட்டு எடுத்துக்கலாம்.”

“யாரை, உன்ர அண்ணனையா?” என்றவர், நான் சிரிக்காததைக் கவனித்து என் பக்கம் திரும்பினார். என் முகத்துக்கு நேராக அல்ல, காதுக்குக் கொஞ்சம் வெளியே. “உனக்கு என்ன, ஒடம்புக்கு ஆகலையா? வா, ராகு காலத்துக்குள்ள போயரலாம்.”

சொல்லியிருக்க வேண்டும். ஏரியில் தண்ணீர் இல்லீங்க நங்கை என்று நான்கு சொற்கள். அவற்றைச் சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்பது எனக்கு வரிசையாகத் தெரிந்தது: மகனுக்குப் போன், கார் விற்பனை, வீட்டுக்குப் பூட்டு, எதிரே இன்னொரு ஜன்னல் தெரிகிற ஒன்பதாவது மாடி. அவர் இவ்வளவு நாள் யாருக்கும் சொல்லாமல் காப்பாற்றி வந்ததை, ஒரு சோபாவில் உட்கார்ந்து நான் எப்படிப் பிடுங்குவது? இப்படியெல்லாம் யோசித்தேன் என்று இன்று எழுதுகிறேன். உண்மையில் எனக்கு நாக்கு எழவில்லை, அவ்வளவுதான். படியிறங்கிப் போய் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். பெல்ட்டைப் போட்டேன். மணி மூன்று பத்து.

ஏரிச்சாலையில் அவர் நன்றாகத்தான் ஓட்டினார். வழி அவருக்கு மனப்பாடம். சாலையோரத்து வெள்ளைக் கோட்டை ஒட்டி, இரண்டாவது, மூன்றாவது கியருக்கு மேல் போகாமல் போனார். எதிரே வருகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டு ஒதுங்கினார் என்பது இப்போது பக்கத்தில் இருந்து பார்க்கும்போது தெளிவாகத் தெரிந்தது. ஜன்னல் கண்ணாடியை எப்போதும் இறக்கியே வைத்திருப்பார். காற்றுக்காக என்று நான் எழுதியிருந்தேன். நான் பேசத் தொடங்கினேன். நிறுத்தினால் செத்துவிடுவோம் என்பதுபோலப் பேசினேன். “முன்னால மொபெட்டுங்க, பால் கேன் கட்டியிருக்குது. எதுத்தாப்புல பஸ்ஸு வருது. அந்தப் புளியமரத்துகிட்ட ரெண்டு பேரு நடந்து போறாங்க.” முதலில் நங்கை, “தெரியுது, தெரியுது” என்றார். கொஞ்ச தூரம் போனபின் அந்தத் ‘தெரியுது’ நின்றுவிட்டது. நான் சொல்லச் சொல்ல ஓட்டினார். ஒரு இடத்தில் நான் இருமியதால் பேச்சு நின்றபோது, “ம், சொல்லு” என்றார். அவருக்கு நான் கண்டுகொண்டேன் என்று தெரிந்துவிட்டது. எனக்கு, அவருக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தது. நான் மறுபடியும் சாலையைச் சொல்லத் தொடங்கினேன். என் கைவிரல்கள் பெல்ட்டைப் பிடித்த இடத்தில் ரத்தம் கட்டியிருந்ததை வீட்டில்தான் பார்த்தேன்.

நெடுஞ்சாலையில் ஏறினால் லாரிகள். அதற்குப் பயந்து, நாமக்கல் பக்கமாக ஓரச்சாலையிலேயே போகச் சொன்னேன். என் பிழை அதுதான். தை மாதம் மரவள்ளிக்கிழங்கு வெட்டும் காலம். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளுக்குக் கிழங்கு ஏற்றிப்போகும் டிராக்டர்கள் ஓரச்சாலையில்தான் நிற்கும். ஒரு வளைவு திரும்பியதும் சூரியன் நேரே கண்ணாடியில் அடித்தது. எனக்கும் ஒரு கணம் எதுவும் தெரியவில்லை. வெளிச்சம் மட்டும். அந்த ஒரு கணத்தில்தான், இவர் எப்போதும் இப்படித்தான் பார்க்கிறார் என்று புரிந்தது. அடுத்து அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து மண் ஒட்டிய கிழங்குக் குவியல் ஒன்று பெரிதாகிக்கொண்டே வந்தது. நின்றுகொண்டிருந்த டிரெய்லர். நங்கையின் கால் பிரேக்குக்குப் போகவே இல்லை. “நங்கை!” என்று கத்திக்கொண்டே இருவருக்கும் நடுவில் இருந்த கைப்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். கார் பக்கவாட்டில் சறுக்கி, நின்றது. டிரெய்லருக்கும் எங்கள் கார் மூக்குக்கும் நடுவில் ஒரு சாணுக்கு மேல் இல்லை. குவியலிலிருந்து இரண்டு கிழங்குகள் உருண்டு பானெட்டின் மேல் விழுந்தன. அந்தச் சத்தம் இன்றும் எனக்குக் கேட்கிறது.

டிராக்டர் ஓட்டுபவர் எங்கிருந்தோ ஓடிவந்தார். தலையில் துண்டு, கையில் பாதி குடித்த டீ. நங்கையின் ஜன்னலில் குனிந்து, “ஏனுங்கம்மா, இம்மாம் பெரிய லோடு நிக்குது, கண்ணு தெரியலீங்களா?” என்று சத்தம் போட்டார்.

நங்கை ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “இல்லீங் சாமி, தெரியல” என்றார்.

டிராக்டர்காரர் எகத்தாளம் என்று நினைத்தார். “பண்றதையும் பண்ணிப்போட்டு வெளையாடறீங்களா?”

“வெளையாடலீங். இந்தக் கண்ணு சுத்தமா இல்ல. அந்தக் கண்ணுல பொகை மாதிரி இருக்குது. நீங்க நிக்கறது தெரியுது. மூஞ்சி தெரியல.”

அந்த மனிதர் டீயைத் தரையில் கொட்டினார். பிறகு கதவைத் திறந்து, “எறங்குங்க மொதல்ல” என்றார், கோபமாக அல்ல. பயந்த குரலில். பக்கத்து சேகோ ஆலையிலிருந்து தெரிந்த டிரைவர் ஒருவரைப் போன் போட்டு வரவழைத்து, காரை அவரிடம் ஒப்படைத்தவர் அவர்தான். போகும்போது பானெட்டின் மேல் கிடந்த இரண்டு கிழங்கையும் எடுத்து என் கையில் கொடுத்து, “வேவிச்சுத் தின்னுங்க, உசுரு தப்பிச்சதுக்கு” என்றார். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் விட்டதற்கு இன்றும் வருத்தப்படுகிறேன். நாலரைக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

அன்று மாலை நங்கையே மகனுக்குப் போன் செய்தார். நான் சொல்ல வேண்டியதாக இருந்த எதையும் அவர் என்னைச் சொல்லவிடவில்லை. கண் மருத்துவமனையில் சர்க்கரை விழித்திரையைக் கெடுத்துவிட்டது என்றார்கள். வலது கண் போனது போனதுதான், இடது கண்ணில் இருப்பதைக் காப்பாற்றலாம். எப்போதிருந்து என்று மருத்துவர் கேட்டார். “கொஞ்ச நாளாங்க” என்றார் நங்கை. எவ்வளவு கொஞ்சம் என்று நான் கேட்டேன். என்னைப் பார்த்து, அதாவது என் குரல் வந்த திசையைப் பார்த்து, “உனக்குத் தேதி வேணுமா அம்மிணி?” என்றார்.

கார் விற்கப்பட்டது. பெங்களூருக்குப் போவதற்கு முன்னால், நங்கை பிடிவாதமாகக் கேட்டதால், மூன்று ஞாயிறு பேருந்தில் போனோம். இடம் மாறி உட்கார்ந்தோம். நான் ஜன்னலைப் பார்த்தபடி சொல்ல, அவர் கேட்டுக்கொண்டே ருசிக்கு மதிப்பெண் போட்டார்; நான் எழுதினேன். அவர் என்னைவிடக் கடுமையான ஆள் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் ஆறு போட்டிருக்கக்கூடிய பரோட்டாவுக்கு மூன்று. என் வர்ணனைக்கும் மதிப்பெண் உண்டு. “மலை, மரம், வீடு… பதிவேடு படிக்கற மாதிரி படிக்கற. அந்த மாடியில காயற துணி என்ன கலரு, அதச் சொல்லு.” கடைசித் தாளில், காட்சி என்பதன் எதிரே, அவர் சொல்லி நான் எழுதியது: “அம்மிணிக்குப் பத்துக்கு அஞ்சு.”

இரண்டாண்டுகள் கழித்து, சிறுநீரகமும் கெட்டுப்போய், பெங்களூரிலேயே இறந்தார். அதற்கு முந்தைய மாதம் போய்ப் பார்த்தேன். இருபத்துமூன்றாவது தாளைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். படித்துக் காட்டிவிட்டு, “நங்கை, அந்த ஐப்பசி மாசத்து லாரி, மஞ்சத் தார்ப்பாய், அவுந்த கயிறு… நெசமாலுமே பாத்தீங்களா?” என்று கேட்டேன். சிரித்தார். “அதான் எழுதிட்டயல்ல. அப்புறம் என்ன?” என்றார்.

எனக்கு அப்புறம்தான் எல்லாம். அவர் போன பிறகு, தாள்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு உணவகமாக, நங்கை உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன். சேலத்தில் ஓர் இடத்தில், இருபத்துநான்காவது தாளுக்குரியது, பரிமாறுகிறவர் அவரை நினைவு வைத்திருந்தார். “அந்த அம்மாங்களா? கை கழுவற எடத்துல என்கிட்ட கேட்டாங்களே. சன்னல்ல இன்னைக்கு என்னப்பா தெரியுது, மேகம் இருக்குதா, மலை தெளிவா இருக்குதான்னு. நான் சொன்னேன். டிப்ஸு கூட அதுக்குன்னு தனியா குடுத்தாங்க.” நான் அவரிடம் அதைப் பல முறை திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஏரிக்கரை உணவகத்திலும் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். வடக்கிலிருந்து வேலைக்கு வந்திருந்த, தமிழ் சரியாக வராத இளைஞர்கள்தான் அங்கே பரிமாறினார்கள். ‘ஏரி’ என்று மட்டும் யாரோ சொல்லியிருப்பார்கள். தண்ணீரை நங்கை ஊற்றிக்கொண்டார்.

இருபத்திரண்டாவது தாளுக்குரிய இடத்தில் கல்லாவில் இருப்பவர் இல்லையென்று தலையை ஆட்டினார். “எங்க கிட்ட ஒன்னும் கேக்கலீங்க. அவங்களே சன்னல்ல கம்பி துரு புடிச்சிருக்குது, பெயிண்ட் அடிங்கன்னு சண்டை போட்டுட்டுப் போனாங்க.” ஆக, இருபத்திரண்டில் பார்த்திருக்கிறார். இருபத்துநான்கில் கேட்டிருக்கிறார். நடுவில் இருப்பது ஐப்பசி 9.

அதனால்தான் அந்தத் தாள் என்னைப் பயமுறுத்துகிறது. மேகமும் மலையும் யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அவிழ்ந்து தரையைத் தொடுகிற கயிற்றை, கேட்டவருக்காகப் பரிமாறுகிறவர் எவரும் சொல்லியிருக்க மாட்டார். லாரிப் பட்டறைக்காரர் வீட்டில் அத்தனை ஆண்டு இருந்தவருக்கு அதை இட்டுக்கட்டவும் தெரியும். பார்த்திருந்தார் என்றால், அவர் கண்ணில் பட்ட கடைசிக் காட்சிகளில் ஒன்று என் கையெழுத்தில் இருக்கிறது. பார்க்கவில்லை என்றால், அந்த ஞாயிறு தொடங்கிப் பதினாறு ஞாயிறுகள், முட்டை லாரிக்கும் நாய்க்கும் நடுவே, புகையைப் பார்த்தபடி ஒருவர் ஓட்டிய காரில் நான் இடது பக்கம் உட்கார்ந்து ‘பயணம்: குறையில்லை’ என்று எழுதியிருக்கிறேன். சில இரவுகளில் இதைவிட மோசமான ஒரு சந்தேகமும் வருகிறது: எனக்கு எங்கேயோ தெரிந்திருந்ததோ, திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற விதி எனக்கு வசதியாக இருந்ததோ என்று.

திருச்சி சாலையில் அந்த ஐந்தாவது மாடி உணவகம் மூடிவிட்டது. இப்போது அங்கே ஒரு பயிற்சி மையம். அனுமதி கேட்டு, போன மாதம் மேலே போனேன். ஜன்னலுக்கு வெளியே விளம்பரப் பலகை மறைத்திருந்தது. அதன் ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் சாலை தெரிந்தது. அன்று பரிமாறியவர்கள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் சர்க்கரை வந்திருக்கிறது. அந்த இடைவெளி வழியாக முதலில் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன், பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். இரண்டிலும் சாலை தெரிந்தது. லாரி எதுவும் நிற்கவில்லை.

தாளின் கீழ் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி சேர்த்துக் கம்பியில் திரும்பக் கோத்துவிட்டேன்: “மஞ்சள் தார்ப்பாய், அவிழ்ந்த கயிறு: நங்கை சொன்னது. கண்டாரா என்பது உறுதி செய்யப்படவில்லை.”